உங்க பேரு சிஸ்டத்துல இல்லையேம்மா

2024 ஆனி மாதம் ஒரு மத்தியானம் திருமங்கலத்திலிருந்து அக்கா போன் செய்தார். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

“தம்பி, நான் உசுரோட இருக்கேனா இல்லையா, நீயே சொல்லு. உங்க மச்சான் பேரு இருக்குதாம். என் பேரு மட்டும் இல்லையாம்.”

விஷயம் இதுதான். 2019-ல் மச்சானும் அக்காவும் சேர்ந்து ஒரு வங்கியில் மூன்று லட்ச ரூபாய் டெபாசிட் போட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு. இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் காலமானால் இருப்பவர், பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று எல்லாருக்கும் தெரிந்த பெயர். மச்சான் 2022-ல் தவறிவிட்டார். முதிர்வுத் தேதி வந்ததும் அக்கா டெபாசிட் ரசீதையும் இறப்புச் சான்றிதழையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் இருந்த பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க பேரு சிஸ்டத்துல இல்லையேம்மா. இது சார் ஒருத்தர் பேருல உள்ள டெபாசிட். தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு, பிள்ளைங்க எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்றிருக்கிறது.

கையில் இருந்த ரசீதில் இரண்டு பெயரும் அச்சடித்திருக்கிறது. கீழே மேனேஜர் கையெழுத்து, வங்கி முத்திரை. அதை அந்தப் பிள்ளை திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் வங்கியே கொடுத்த காகிதம் அது. தன் கையெழுத்தைத் தானே நம்பாத ஒரு நிறுவனத்திடம் நாம் எதைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். என்னைப் போன்றவர்கள் வங்கியைக் குறை சொல்லி எழுதினால், சாப்பிட்ட வீட்டுக்கு இரண்டகம் என்று பழைய சகாக்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். படட்டும். இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் இரண்டகம்.

மறுநாள் நானும் அக்காவோடு போனேன். மேனேஜர் நல்ல பையன், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் திரையிலும் மச்சான் பெயர் ஒன்றுதான் இருந்தது. “அக்கா பேரைப் போட்டுத் தேடுங்க சார்” என்றேன். குடும்ப பென்ஷன் கணக்கு வந்தது. டெபாசிட் வரவில்லை. “கஸ்டமர் நம்பர் ஒண்ணுதான் இருக்கா?” என்று கேட்டேன். “ஒண்ணுதான் சார். போன வருஷம் டூப்ளிகேட் எல்லாத்தையும் மெர்ஜ் பண்ணி கிளீன் பண்ணிட்டாங்க” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது.

இப்போது எந்த வங்கியிலும் கணக்கு எண் வேறு, வாடிக்கையாளர் எண் வேறு. கணக்கு எண் பணத்துக்கு, வாடிக்கையாளர் எண் ஆளுக்கு. உங்கள் சேமிப்புக் கணக்கு, டெபாசிட், லாக்கர், கடன், நீங்கள் இன்னொருவருக்குப் போட்ட ஜாமீன், எல்லாம் அந்த ஆள் எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கும். முளைக்குச்சியில் மாடுகளைக் கட்டி வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு முளை இருந்தால் அது டூப்ளிகேட். ஒன்றைப் பிடுங்கிவிட்டு எல்லா மாட்டையும் மற்றதில் கட்டுவதுதான் மெர்ஜ். நியாயமான வேலைதான். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் அதில் எத்தனை மாடு கட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டாமா?

அக்காவுக்கு இரண்டு எண். பழையது, கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அப்பா பெயரின் முதலெழுத்தோடு தொடங்கிய கணக்கிலிருந்து வந்தது. 2019 டெபாசிட்டில் இரண்டாவது பெயராக அந்த எண்ணைத்தான் சேர்த்திருக்கிறார்கள். 2022-ல் குடும்ப பென்ஷனுக்குக் கணக்குத் தொடங்கும்போது, ஆதாரில் மச்சானின் முதலெழுத்து இருந்ததால் புது ஆளாகப் பதிந்து புது எண் கொடுத்துவிட்டார்கள். 2023-ல் பிறந்த தேதியும் செல்போன் எண்ணும் ஒத்துப்போவதைப் பார்த்துப் பழைய எண்ணை மூடியிருக்கிறார்கள். அக்காவின் சொந்தக் கணக்குகள் புது எண்ணுக்கு ஒழுங்காக மாறிவிட்டன. டெபாசிட்டில் முதல் பெயர் மச்சானுடையது. அக்கா இரண்டாவது பெயர். இரண்டாவது பெயர் வேறொரு பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலை யாரும் தொடவில்லை. டெபாசிட் இன்னமும் மூடிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, கவுன்டர் திரையோ மூடிய எண்களைக் காட்டாது. ஆகவே அக்கா இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நடை ஆயிற்று. அக்காவின் பீரோவில் அடியில் கிடந்த பழைய பாஸ்புக்கில்தான் அந்தப் பழைய எண் கிடைத்தது. அதை மேனேஜரிடம் கொடுத்து, மூடிய எண்களையும் சேர்த்துத் தேடச் சொன்னேன். வந்தது. அக்கா பெயர், பழைய முதலெழுத்து, பக்கத்தில் ‘மூடப்பட்டது, டூப்ளிகேட்’ என்று. பணமும் பெயரும் அழியவில்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்த கயிறுதான் அறுந்திருந்தது. ஆனால் அதைக் கிளையில் சரி செய்ய முடியாதாம். மெர்ஜ் செய்தது மத்திய அலுவலகமாம். அங்கே எழுதி, அவர்கள் கேள்வி கேட்டு, இவர்கள் பதில் எழுதி, 2025 தை பிறந்த பிறகுதான் பணம் கிடைத்தது. ஏழு மாதம்.

இப்போது என் பங்குக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த டூப்ளிகேட்டுகளை உண்டாக்கியவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. நாங்கள்தான். லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய நாட்களில், ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து பதிவு செய்தோம். ஒரு கணக்குக்கு ஒரு ஆள் என்று புதிது புதிதாக எண் உண்டாக்கித் தள்ளினோம். அதே ஆளுக்கு ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று தேட நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. இத்தனை கணக்கு முடிந்ததா என்பதுதான் கேள்வி. அப்புறம் 2012-ல் ஒரு ஆளுக்கு ஒரே அடையாள எண் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. சரியான உத்தரவுதான். அதை நிறைவேற்றும்போது, எங்கள் அவசரத்தால் வந்த குப்பையை வாடிக்கையாளர் தலையில் கொட்டிவிட்டு, “உங்க பேரு இல்லையேம்மா” என்பதுதான் அநியாயம்.

மதுரைக்காரர்களுக்கு வங்கி இணைப்பு புதிது இல்லை. நம் ஊர் பாண்டியன் வங்கி 1963-ல் கனரா வங்கியோடு சேர்ந்தது. கருமுத்து தியாகராசர் 1943-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்தது. விருதுநகரில் தலைமையகம் இருந்த பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனராவிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியிலும் சேர்ந்தன. இரண்டு வங்கியிலும் கணக்கு வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் அன்று காலை டூப்ளிகேட் ஆகிவிட்டார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பாவம், இரண்டு தெருவில் இரண்டு கணக்கு வைத்திருந்தார்.

லெட்ஜர் காலத்தில் இதை எப்படிச் செய்தோம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பக்கம் நிறைந்து கணக்கு வேறு பக்கத்துக்குப் போனால், பழைய பக்கத்தின் அடியில் ‘இன்ன பக்கத்துக்குக் கொண்டுபோனது’ என்று எழுதுவோம். புதுப் பக்கத்தின் தலையில் ‘இன்ன பக்கத்திலிருந்து கொண்டுவந்தது’ என்று எழுதுவோம். இரண்டு இடத்திலும் சுருக்கொப்பம். கூட்டுக் கணக்கு என்றால் தலைப்பில் இரண்டு பெயரும், யார் பணம் எடுக்கலாம் என்பது சிவப்பு மையிலும் இருக்கும்; புதுப் பக்கத்தில் அதையும் எடுத்து எழுதியாக வேண்டும். நாமினேஷனுக்குத் தனிப் பதிவேடு, அதில் வரிசை எண், அந்த எண் லெட்ஜரிலும் இருக்கும். அதிகாரி இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். எங்கள் காலத்தில் தப்பே நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. நடந்தது. ஆனால் பழைய பக்கத்தைத் திறந்தால் அது எங்கே போயிற்று என்று தெரிந்தது. பத்தாவது படித்த கிளார்க் ஒருவன் நீல மையில் செய்ததை, கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய சாஃப்ட்வேர் கவுன்டரில் காட்ட மறுக்கிறது என்றால், அது கம்ப்யூட்டரின் குறை இல்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 1979-ல் தொடங்கிய யுடிஆர் வேலையில் விட்டுப்போன பெயருக்கும் மாறிப்போன பெயருக்கும் இன்றைக்கும் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்திரம் அப்பா பெயரில், பட்டா யாரோ ஒருவர் பெயரில். தாத்தா காலத்துத் தப்பைப் பேரன் மனு போட்டுத் திருத்துகிறான். பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டும் பதிவேடு இருந்த இடத்திலாவது வழி பிறக்கிறது. வங்கிக்காரர்கள் அதே கூத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறார்கள்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன். பணியில் இருக்கும் பழைய சகா ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஒரே ஆள் பல எண்களில் ஒளிந்துகொண்டு கறுப்புப் பணத்தைப் பிரித்துப் போடுகிறான். டெபாசிட் காப்பீடு ஒரு ஆளுக்கு 5 லட்சம்தான். அதைக் கணக்கிட அவர் கணக்கெல்லாம் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒரு எண்ணில் விலாசம் மாற்றினால் இன்னொன்றில் பழையதே நிற்கிறது, செக் புத்தகம் அங்கே போய்விடுகிறது. எல்லாம் உண்மை. ஒரு ஆளுக்கு ஒரு எண் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. “லட்சக்கணக்கில் மெர்ஜ் செய்யும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகத்தான் செய்யும் அண்ணே” என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. விட்டுப்போனது எது என்று அவர்களுக்கே தெரியாது. மெர்ஜ் செய்வதற்கு முன் பழைய எண்ணில் எத்தனை கட்டு இருந்தது, செய்த பிறகு புது எண்ணில் எத்தனை இருக்கிறது என்று இரண்டு கூட்டுத்தொகையை ஒப்பிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். வருஷக்கணக்காகத் தினமும் சாயங்காலம் கேஷ் டாலி செய்யாமல் வீட்டுக்குப் போகாதவர்கள் நாங்கள். நோட்டுக்கு உள்ள மரியாதை ஆளுக்கு இல்லையா?

இதில் அதிகம் அடிபடுவது பெண்கள். ஆணுக்குப் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே முதலெழுத்து. நம் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பின் புருஷன் எழுத்து. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. இரட்டைப் பதிவு அவர்களுக்குத்தான் வரும். கூட்டுக் கணக்கில் இரண்டாவது பெயராக இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆக, முளையைப் பிடுங்கும்போது அறுகிற கயிறு விதவைகளின் கயிறாக இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே ஆள் என்று எண்ணி இரண்டு ஆளைச் சேர்த்துவிடுவது. நம் பக்கத்தில் பாண்டிக்கும் மீனாட்சிக்கும் பஞ்சமா? நம் வயதுக்காரர்கள் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்டதுதான். கிராமத்தில் செல்போன் எண் கேட்டால் பேரன் எண்ணைக் கொடுப்பார்கள். அதே எண்ணை ஒன்றுவிட்ட பெரியம்மாவும் கொடுத்திருப்பார். பெயர், தேதி, போன் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று மெஷின் முடிவு கட்டுகிற ஊரா இது? ஆளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கையெழுத்து வாங்காமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

என்னை இதை எழுத வைத்தது இன்னொரு பயம். அக்காவுக்கு நான் இருந்தேன். ‘வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க’ என்றதும் மலைத்துப்போய் வீட்டில் உட்கார்ந்துவிடுகிற அம்மாக்கள் எத்தனை பேர்? மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். அப்புறம் பார்க்கலாம் என்று ரசீது பெட்டியில் தூங்கும். பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் கேட்டால் கிடைக்கும் என்பது நல்ல விஷயம். தேடுவதற்கு 2023-ல் உத்கம் என்று ஒரு இணையதளமும் திறந்தார்கள். அதில் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். அக்கா தன் பெயரைப் போட்டால் என்ன வரும்? பெயர்தான் அறுந்துவிட்டதே.

அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேலை வைக்கிறேன். இந்த வாரம் பழைய பாஸ்புக்குகளைத் தேடி எடுங்கள். பரணில் இருந்தாலும் சரி, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டெபாசிட் ரசீதுகளை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பிறகு வங்கிக்குப் போய், என் வாடிக்கையாளர் எண்ணில் உள்ள எல்லாக் கணக்கையும், கூட்டுப் பெயரோடும் நாமினி பதிவோடும், அச்செடுத்துக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கணவர் எண்ணுக்கும் தனியாகக் கேளுங்கள். நீங்கள் இரண்டாவது பெயராக இருக்கும் கணக்குகள் அங்கேதான் தெரியும். வீட்டில் உள்ள காகிதத்தோடு ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். லாக்கரைத் தனியாகக் கேளுங்கள். 15எச் கொடுத்திருந்தால் அது எந்த எண்ணில் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். கொடுத்தும் வட்டியில் வரி பிடித்துவிட்டார்கள் என்று நடைப்பயிற்சியில் கூட வரும் நண்பர் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார், பார்த்தால் அவருக்கும் இரண்டு எண்.

ஏதாவது குறைந்தால், “பேரு இல்லை” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். பெயரை விட்டுவிட்டுக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய வாடிக்கையாளர் எண்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த எண் எந்த எண்ணோடு எந்தத் தேதியில் சேர்ந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தடம் சிஸ்டத்தில் இருக்கும். புகாரைக் கையில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சேர்ப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு கடிதம், தமிழில். சேர்த்த பிறகு என்னென்ன கணக்கு, யார் யார் பெயர், யார் நாமினி என்று ஒரு பட்டியல். பழைய எண்ணைத் தட்டினால் புது எண் கவுன்டரிலேயே தெரிய வேண்டும். தப்பாகச் சேர்த்திருந்தால் கிளையிலேயே பிரிக்க வழி வேண்டும். அதுவரை, திரையும் ரசீதும் முரண்பட்டால் ரசீதுதான் செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை.

அக்கா கதைக்கு வருகிறேன். தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று மச்சான் படிவத்தில் எழுதியிருந்தார். முதிர்ந்து வாங்காமல் கிடக்கும் டெபாசிட்டுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி, அல்லது டெபாசிட்டின் பழைய வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் என்பது 2021 ஜூலையிலிருந்து விதி. ஆகவே அந்த ஏழு மாதத்துக்கும் சேமிப்பு வட்டியே போட்டுக் கொடுத்தார்கள். 4 லட்சத்துக்கு மேல் நின்ற தொகை. நான் போட்ட கணக்கில் அக்காவுக்கு 10,000 ரூபாய்க்குப் பக்கத்தில் நஷ்டம். “வாங்காமல் கிடந்ததா, கொடுக்காமல் கிடந்ததா?” என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். விதிப்படி கொடுத்திருக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

“விடுடா தம்பி, போனாப் போகுது” என்றார் அக்கா. விடவில்லை. ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதிய மனுவில் இணைப்பாக ரசீது, பழைய பாஸ்புக்கின் முதல் பக்கம், நான்கு நடைக்கும் வைத்திருந்த பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் வைத்தேன். மனுவில் அக்காவின் இரண்டு முதலெழுத்தையும் போட்டே கையெழுத்து வாங்கினேன்.